அய்யாச்சாமி உட்கார்ந்திருந்த வரை

எட்வின் ராஜநாயகம் தொண்ணூற்றொன்பது ரன்னில் நின்றுகொண்டிருந்த காலத்தில், சாத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த சலூனில் அய்யாச்சாமி என்பவர் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்திருந்ததால்தான் இவர் நின்றுகொண்டிருந்தார் என்பது முதலில் தெருவுக்குத் தெரிந்தது, பிறகு ஊருக்குத் தெரிந்தது, ஊருக்குத் தெரிந்தபின் மாவட்டத்துக்கும் தெரிந்தது, எல்லாருக்கும் தெரிந்து முடிந்த பிறகுதான் எட்வினுக்குத் தெரியவந்தது.

அய்யாச்சாமி மீசை அரும்பிய வயதில், பாளையங்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனவர், கறி வேக இன்னும் நேரமாகும் என்று சொன்னதால் பக்கத்து மைதானத்தில் போய் வேப்பமரத்தடியில் நின்றார். பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் அடித்த பந்து அவர் காலடியில் வந்து விழுந்தது. எடுத்து எறிந்தார். பையன் நன்றி என்பதுபோல் மட்டையை லேசாகத் தூக்கிக் காட்டினான். அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பையன்தான் எட்வின். அவன் மாவட்டத்துக்கு ஆடினான், மாநிலத்துக்கு ஆடினான், அவன் என்பது அவர் ஆகி நாட்டுக்கு ஆடினார்; அய்யாச்சாமி சாத்தூரில் கடை போட்டு அதற்கு எட்வின் சலூன் என்று பெயர் எழுதினார், சாமி படம் மாட்டவேண்டிய இடத்தில் எட்வின் படத்தை மாட்டினார், பெண் பார்க்கப் போன வீட்டில் மாரீஸ்வரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கிரிக்கெட் பாப்பியா?" மாரீஸ்வரி, "பாக்க மாட்டேன், பாக்குறவங்கள ஒண்ணும் சொல்லவும் மாட்டேன்" என்றாள். அந்த மாதமே கல்யாணம் நடந்தது.

கிரிக்கெட் பார்க்கிற வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. நமக்குப் பிடித்த ஆட்டக்காரர் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது யார் எந்த இடத்தில் எப்படி இருந்தார்களோ அப்படியே இருக்கவேண்டும். காலை மடக்கி இருந்தவர் நீட்டக்கூடாது, கதவில் சாய்ந்து நின்ற விருந்தாளி உள்ளே வந்து உட்காரக்கூடாது, ஒன்றுக்குப் போகவேண்டியவர் ஓவர் முடியும்வரை பொறுக்கவேண்டும். அசைந்து விக்கெட் விழுந்தால் அசைந்தவர் பேச்சு வாங்குவார். நாடு முழுக்க லட்சக்கணக்கானவர்கள் இப்படி உட்கார்ந்தும் நின்றும் ஆட்டத்தை நடத்திவந்தார்கள். அத்தனை பேரில் யாரோ ஒருவருடையதாவது உண்மையாக இருக்கத்தானே வேண்டும், அது அய்யாச்சாமியுடையதாக இருந்தது.

அவர் அதைக் கண்டுகொள்ளப் பல வருஷமாயிற்று. அவர் நின்றுகொண்டு முடி வெட்டினால் எட்வின் ரன் எடுத்தார், அவுட்டும் ஆனார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் எட்வின் அவுட் ஆகவில்லை, ரன்னும் எடுக்கவில்லை. ஆகவே வேகமான பந்துவீச்சாளர் வந்தால் அய்யாச்சாமி கத்தரியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார், சோர்ந்துபோன பந்துவீச்சாளர் வந்தால் எழுந்து நின்றார். இப்படியே எட்வினை இருபது வருஷம் ஆடவைத்தார். பாதி வெட்டிய தலையோடு காத்திருந்த சாத்தூர்க்காரர்களை நாட்டுக்காக உழைத்தவர்கள் பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை.

அப்படியிருக்கையில் எட்வின், சென்னையில் நடக்கும் ஆட்டத்தோடு ஓய்வு பெறப்போவதாக அறிவித்தார். அந்த ஆட்டத்தில் அவர் தொண்ணூற்றொன்பதை எட்டியபோது, அய்யாச்சாமி சேவுக்கடை பால்பாண்டிக்கு ஒரு கன்னம் சிரைத்து முடித்து மறு கன்னத்தில் நுரை போட்டிருந்தார். மறுமுனையில் கடைசி ஆட்டக்காரர் நின்றார். எட்வின் நூறு அடித்ததும் ஆட்டத்தை முடித்துக்கொள்வதாக அணித்தலைவர் சொல்லியிருந்தார். அய்யாச்சாமி கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். நின்றால் ஒன்று நூறு வரும், இல்லை அவுட் வரும். எது வந்தாலும் எட்வின் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார், திரும்ப வரமாட்டார். அய்யாச்சாமி கத்தியை மடக்கினார், பக்கத்தில் காலியாக இருந்த சுழல்நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

"அண்ணே, இந்தக் கன்னம்?" என்றார் பால்பாண்டி.

"இருப்பா, ஒரு ரன்னுதான்."

நுரை காய்ந்தது. மறுபடி யாராவது போட்டுவிடுவார்களா என்று பால்பாண்டி சுற்றிலும் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டைத் தூக்கில் கொண்டுவந்த மாரீஸ்வரி, புருஷன் முகத்தைப் பார்த்தாள், தொலைக்காட்சியைப் பார்த்தாள், பால்பாண்டி முகத்தைப் பார்த்தாள். தூக்கை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தாள். படுக்கையில் கிடந்த தகப்பனுக்குச் சாகிறவரை அவள்தான் சிரைத்துவிட்டாள் என்பது பால்பாண்டிக்குத் தெரியாது.

"மதினி, வேண்டாம், நான் இப்படியே போயிக்கிடுதேன்."

"பேசாதீங்க, வெட்டிக்கிடும்."

பால்பாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது இரண்டு கன்னமும் ஒன்றாக இருந்தன. மாரீஸ்வரி சிரைத்த கன்னம் கொஞ்சம் கூடுதலாக வழவழப்பாக இருந்ததை அவர் தடவிப் பார்த்துக்கொண்டார், வெளியே சொல்லவில்லை.

அன்றைக்கு எட்வின் அவுட் ஆகவில்லை, மறுநாளும் ஆகவில்லை. ஐந்து நாளில் முடியவேண்டிய ஆட்டம் ஆறாவது நாளும் நடந்தது. ஏன் என்று கேட்கவேண்டியவர்கள் அதற்கும் டிக்கெட் விற்றிருந்தார்கள். ஒரு மாதம் போயிற்று, மழைக்காலம் வந்து போயிற்று, பந்துவீசியவர்கள் தோள் போய் ஊருக்குத் திரும்பினார்கள், அவர்களுக்குப் பதில் வந்தவர்களுக்கும் தோள் போயிற்று, நடுவர்கள் ஓய்வூதியம் வாங்கினார்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டத்துக்கு விடுமுறை என்று தீர்மானம் போட்டார்கள். மறுமுனையில் நின்ற கடைசி ஆட்டக்காரர் அதுவரை பத்துப் பந்து சேர்ந்தாற்போல் ஆடியதில்லை. அய்யாச்சாமியின் நாற்காலி அவரையும் தாங்கியதால் அவருக்கு நிதானத்துக்கான விருது கிடைத்தது, கல்லூரிகளில் அவரைக் கூப்பிட்டு நிதானத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆயுள் காப்பீட்டு விளம்பரங்களில் எல்லாம் எட்வின் வந்தார். தொண்ணூற்றொன்பது வந்ததும் குழந்தைகள் அதற்குமேல் எண்ண மறுத்தார்கள்.

அய்யாச்சாமிக்கு அது ஓர் உத்தியோகம் போல ஆகிவிட்டது. காலை ஒன்பதரைக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் ஏறுவார், உணவு இடைவேளைக்கு இறங்குவார், தேநீர் இடைவேளைக்கு இறங்குவார், ஆட்டம் முடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். சலூனை மாரீஸ்வரி நடத்தினாள்.

ஒரு மனிதர் உட்கார்ந்ததால் ஓர் ஆட்டம் வருஷக்கணக்கில் முடியாமல் நடந்ததைச் சாத்தூர் ஒரு வாரத்தில் ஜீரணித்துக்கொண்டது. ஒரு பெண்பிள்ளை ஆம்பளைகளுக்குச் சிரைப்பதை ஜீரணிக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. முடிதிருத்துவோர் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். சிரைக்க வந்தவர்கள் சலூன் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணன் எப்ப இறங்குவாரு?" என்று கேட்டுவிட்டு, தாடியோடு திரும்பிப் போனார்கள். ஊரில் தாடி அதிகமானது. வெளியூர்க்காரர்கள் சாத்தூரில் ஏதோ கோயிலுக்கு மாலை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். கடைசியில் ஒரு முகூர்த்த நாளில் மாப்பிள்ளை ஒருவன் வேறு வழியில்லாமல் வந்து உட்கார்ந்தான். கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் மாப்பிள்ளை முகத்தில் என்ன வெளிச்சம் என்று கேட்டார்கள். மறுநாளிலிருந்து மாரீஸ்வரிக்குச் சாப்பிட நேரமில்லை.

கூட்டம் வந்ததும் அதோடு இன்னொரு கூட்டமும் வந்தது. எது முடியக்கூடாதோ அதை வேண்டிக்கொள்ள வந்தவர்கள் அவர்கள். வாடகை வீட்டைக் காலி செய்ய மனமில்லாதவர்கள் வந்தார்கள், தீர்ப்பு வந்தால் தோற்றுவிடுவோம் என்று தெரிந்த வழக்காளிகள் வந்தார்கள், பதவிக்காலம் முடியப்போகிற உள்ளூர்ப் பிரமுகர்கள் கார் வைத்துக்கொண்டு வந்தார்கள், படிப்பு முடிந்தால் கல்யாணம் என்று வீட்டில் சொல்லிவிட்ட ஒரு பெண் கல்லூரிப் பையோடு வந்தாள். அய்யாச்சாமி உட்கார்ந்திருந்த நாற்காலியின் கால்பலகையில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "காலத் தட்டாமக் கட்டுங்க" என்பார். அதை அருள்வாக்கு என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அய்யாச்சாமி கத்தரியைத் தொட்டார். சலூனில் எல்லா நாளையும்விட ஞாயிறுதான் கூட்டம். ஆனால் வாரத்தில் ஆறு நாள் உட்கார்ந்தே இருந்ததில் அவர் கைக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. காதுக்கு மேலே ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் வெட்டினார். பெஞ்சில் இடிபட்டு உட்கார்ந்திருந்தவர்கள், "மதினியே வெட்டட்டும், நாங்க இருக்கோம்" என்றார்கள். அய்யாச்சாமியின் நாற்காலி ஞாயிற்றுக்கிழமை காலியாகவே கிடக்கும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, நரைத்த தாடியோடு, வலது முழங்காலை இழுத்து இழுத்து ஒருவர் வந்தார். பெஞ்சில் இடமில்லை. காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பெஞ்சில் இருந்த பால்பாண்டி, "வெளியூரு போல. தெரியாம உக்காந்துட்டாரு, பாவம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அய்யாச்சாமி துணியைப் போர்த்தினார், தலையில் தண்ணீர் அடித்தார், கத்தரியைக் காதருகே கொண்டுபோனார். வந்தவரின் இடது தோள் ஒருமுறை மேலே போய் இறங்கியது. பந்து வருவதற்கு முன்னால் அப்படி ஒருமுறை ஏறி இறங்குகிற தோள் இந்த உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அய்யாச்சாமி கையிலிருந்து கத்தரி விழுந்தது.

"சார்" என்றார்.

"வெட்டுங்க அண்ணாச்சி, வெட்டிட்டே கேளுங்க" என்றார் எட்வின்.

பெஞ்சிலிருந்து எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பால்பாண்டி சேவு வாங்கிவர ஓடினார். அய்யாச்சாமி வெட்டினார், கண் நிறைந்து போனதால் எங்கே வெட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

"எங்க அக்கா சொன்னா. சாத்தூர்ல ஒருத்தரு உக்காந்திருக்காரு, அவரப் போயிப் பாருன்னா. நான் நம்பல. அப்புறம் நெனச்சுப் பாத்தேன், டாக்டர், கோச், சாமியாரு, எல்லாரையும் பாத்தாச்சு, உங்களையும் பாத்துட்டாத்தான் என்ன?"

"நான் கும்பிடாத நாளில்ல சார்."

"தெரியுது. படத்துக்கு மால போட்டிருக்கீங்க. உயிரோட இருக்கவனுக்கு மால போடலாமா அண்ணாச்சி?" எட்வின் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "எம்பொண்ணு கல்யாணத்துக்கு டீ இடைவேளைல பேடக் கழட்டாம ஓடிப்போயி நின்னேன். எங்க அப்பா செவ்வாக்கிழம போய்ச் சேந்தாரு. ஞாயித்துக்கிழம வரைக்கும் ஐஸ் பெட்டியில வச்சிருந்தோம்."

"பாத்தேன் சார். கையில கறுப்புத் துணி கட்டியிருந்தீங்க. அந்த வாரம் ஒரு பந்துகூட மட்டைய விட்டு வெலகல."

மாரீஸ்வரி வெட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நாளைக்கு நீங்க உக்காரக்கூடாது" என்றார் எட்வின்.

"எந்திரிச்சா அவுட் ஆயிருவீங்களே சார்."

"ஆயிட்டுப் போறேன்."

"நூறு வந்தாலும் வரும்."

"வந்தா வரட்டும். எது வந்தாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போயிருவேன்லா."

அய்யாச்சாமி, "சரிங்க சார்" என்றார். எட்வின் அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். போகும்போது மாரீஸ்வரி, "சார், ஒரு நிமிஷம் இங்கிட்டு வாங்க" என்று தன் நாற்காலியில் உட்காரவைத்து, பின்மண்டையில் ஏறியும் இறங்கியும் கிடந்ததைச் சரிசெய்து அனுப்பினாள்.

கார் தெரு திரும்பியதும் அவள் கேட்டாள். "நாளைக்கு என்ன செய்யப்போறீங்க?"

"உக்காரத்தான்."

"சரின்னு சொன்னீங்களே."

"வீடு தேடி வந்த மனுசன்கிட்ட மாட்டேன்னா சொல்ல முடியும்? களைப்புல கேக்குறாரு மாரி. அவருக்கு எது நல்லதுன்னு அவருக்குத் தெரியாது. நாளைக்கு அவுட்டாயிட்டாருன்னா நாளான்னைக்கு அவரு யாரு? எல்லாரும் மாதிரி, பேங்குல வரிசைல நிக்கிற ஒரு ஆளு."

"நின்னா என்ன?"

அய்யாச்சாமி கீழே கிடந்த நரைமுடியைப் பொறுக்கி ஒரு தாளில் வைத்துக்கொண்டிருந்தார். "அப்புறம் நான் யாரு?" என்றார்.

"முடி வெட்டுறவரு" என்றாள் மாரீஸ்வரி. சொல்லிவிட்டு, எட்வின் தலையில் அவர் வெட்டிய லட்சணம் நினைவு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை சலூனில் நிற்க இடமில்லை. வேண்டுதல்காரர்கள் செய்தி கேள்விப்பட்டு விடிந்ததும் வந்துவிட்டார்கள். வாடகை வீட்டுக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள், பிரமுகர் ஒருவர் நாற்காலிக்குப் புதுத் தோலுறை கொண்டுவந்து போட்டார், வழக்காளி ஒருவர், "எந்திரிச்சிராதீங்கய்யா, அடுத்த வாரம் வாய்தா" என்று காதருகே சொன்னார். அய்யாச்சாமி ஒன்பதரைக்கு ஏறி உட்கார்ந்தார். கூட்டம் மூச்சுவிட்டது.

திரையில் எட்வின் வந்தார். தலைக்கவசத்துக்குக் கீழே பின்கழுத்தில் மாரீஸ்வரி வெட்டிய முடி நேர்கோடாகத் தெரிந்தது. முதல் பந்து வந்தது, மட்டையில் பட்டு அங்கேயே விழுந்தது. எட்வின் ஒருமுறை வானத்தைப் பார்த்தார். இரண்டாவது பந்தும் வந்தது, அங்கேயே விழுந்தது. அவர் திரும்பி, எந்தக் கேமரா தன்னைப் படம்பிடிக்கிறது என்று தேடி, அதற்குள் பார்த்தார். சாத்தூரில் அத்தனை பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். அய்யாச்சாமியால் திருப்ப முடியவில்லை.

"இன்னைக்குக் கொஞ்சம் கோவமா இருக்காரு" என்று முனகினார். "சரியாப்போயிரும்."

அப்போது எட்வின் மட்டையைக் கீழே போட்டார். வலது முழங்காலைக் கையால் பிடித்து மடக்கி, இன்னொரு கையைத் தரையில் ஊன்றி, சோற்றுக்கு இலை போட்டதும் பந்தியில் உட்காருகிறவரைப்போல ஆடுகளத்தின் நடுவில், ஸ்டம்புக்கு ஓர் ஓரமாக, மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்னய்யா இது, அவரும் உக்காந்துட்டாரு!" என்றார் பால்பாண்டி.

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். ஆட்டக்காரர் நிற்கவேண்டும் என்று விதியில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பந்துவீச்சாளரிடம் வீசச் சொன்னார்கள். எட்வின் ஆடத் தொடங்கியபோது கையெழுத்துக்கு அலைந்துகொண்டிருந்த வயதுக்காரர் அவர். எத்தனையோ மாதமாக எதுவும் நடக்காத பந்துகளை வீசி வீசிப் பழகிப்போனவர். தலையைக் குனிந்துகொண்டு ஓட்டத்தைத் தொடங்க நடந்துபோனார்.

அய்யாச்சாமி தனக்குக் கீழே பார்த்தார். புதுத் தோலுறை போட்ட நாற்காலி. கைவைக்க இரண்டு பக்கமும் பஞ்சு, கால்வைக்கப் பலகை, சாய்ந்துகொள்ளத் தலையணை. திரையில் பார்த்தார். எட்வின் மண்ணில் உட்கார்ந்திருந்தார், வெள்ளைக் காற்சட்டையில் செம்மண் ஒட்டியிருந்தது. வீட்டுக்குள் நுழைந்த பெரிய மனிதர் தரையில் உட்கார்ந்திருக்க, தான் மேலே சாய்ந்து உட்கார்ந்திருந்ததாக அய்யாச்சாமி வாழ்க்கையில் ஒருநாளும் இல்லை. அவர் அப்பனுக்கும் இல்லை. நாற்காலி சுடத்தொடங்கியது. கைப்பிடியை இறுகப் பிடித்தார். பந்துவீச்சாளர் திரும்பினார், ஓடிவரத் தொடங்கினார்.

"அண்ணே, அசையாதீங்க!"

"அய்யா, வாய்தா, அய்யா!"

"நான் எந்திரிக்கலப்பா" என்றார் அய்யாச்சாமி. "கீழ உக்காரப்போறேன். அவரு கீழ உக்காந்திருக்கப்ப நான் எப்படிய்யா?"

தரையில் உட்காரத்தான் அவர் நினைத்தார், அவருக்கும் கீழே, சுவரோரமாக, முடி கிடக்கிற இடத்தில். ஆனால் நாற்காலியிலிருந்து இறங்குகிற மனிதர் தரைக்குப் போகுமுன் ஒரு கணம் நின்றுதான் போகவேண்டியிருக்கிறது. அந்த ஒரு கணத்தில் பந்து, உட்கார்ந்திருந்த எட்வினின் தோளைத் தாண்டிப் போய் நடு ஸ்டம்பைப் பிடுங்கி எறிந்தது.

பந்துவீச்சாளர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வழக்காளி தலையில் கைவைத்துக்கொண்டு சலூன் வாசலில் உட்கார்ந்தார், பிரமுகர் காருக்குப் போனார், யாரோ ஒருவர் கயிற்றை அவிழ்த்தார்.

"தொண்ணூத்தொம்பதுல போயிட்டாரே! நூறு போச்சே, அய்யாச்சாமி!" என்று பால்பாண்டி கத்தினார். அண்ணன் என்று கூப்பிடவில்லை. "இத்தன வருசம் உக்காந்து, ஒரு ஓவரு பொறுக்க முடியலயா உமக்கு?"

அய்யாச்சாமிக்கு அது காதில் விழவில்லை. திரையில் எட்வின் எழுந்து நின்று, தொடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார், விழுந்து கிடந்த ஸ்டம்பைப் பார்த்தார். கையுறையைக் கழற்றி எறிந்தார், தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்தார், குனிந்து பேடுகளின் வாரை அவிழ்த்து அவற்றையும் அங்கேயே போட்டார். ஓர் அடி எடுத்து வைத்தார், இரண்டு அடி வைத்தார், பிறகு அந்த முழங்காலோடு ஓட ஆரம்பித்தார். பந்துவீச்சாளரைத் தாண்டி, கைகொடுக்க வந்த நடுவர்களைத் தாண்டி, நிதானத்துக்கு விருது வாங்கியவரைத் தாண்டி, மணி அடித்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு வருகிற பிள்ளையைப்போல, கையை வீசிக்கொண்டு, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு, எல்லைக்கோடு வரைக்கும் ஓடினார், கோட்டைத் தாண்டியும் ஓடினார்.

"பேசாம இருய்யா" என்றார் அய்யாச்சாமி, நின்றபடியே. "ஆளு ஓடுறதப் பாரு."